எலும்பக்கா புதைத்ததும் எடுத்ததும்

இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் என்று வாசலில் ஆளுயர எழுத்தில் எழுதிப் போட்டிருக்கிறார்கள். உள்ளே நுழைந்து இடது பக்கம் திரும்பினால் கழிப்பறை. அதைத் தாண்டி, மாடிப்படிக்கு அடியில், கூரை சரிந்து தலையில் இடிக்கிற மாதிரி ஓர் அறை. அதுதான் கல்விப் பிரிவு. கல்விக்கு வேறு எங்கே இடம் கொடுப்பார்கள்? எலும்பக்கா வேலை பார்த்தது அந்த அறையில்தான்.

பெயரைக் கேட்டுவிட்டு ஆள் எலும்பும் தோலுமாக இருப்பாள் என்று நினைத்துவிட வேண்டாம். அந்த அறைக்குள் அவள் பக்கவாட்டில் திரும்பித்தான் நுழைவாள். பிள்ளைகள் வைத்த பெயர் அது. அங்கே வருகிற எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் எலும்பக்காவைத் தெரியும்; இயக்குநரை யாருக்கும் தெரியாது. இயக்குநருக்கு அவள்மேல் இருந்த வயிற்றெரிச்சலுக்கு அது ஒன்றே போதும்.

முதலில் அவள் டிக்கெட் கவுண்டரில்தான் உட்கார்ந்திருந்தாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தால்தானே! உள்ளே இருக்கிற முதலைக்கு வயிற்றுத் தையல் பிரிந்து பஞ்சு தெரிவதிலிருந்து, பட்டாம்பூச்சிகளைக் கரப்பான்பூச்சி தின்ற கதை வரைக்கும் டிக்கெட் கேட்டு வருகிறவர்களிடம் ஒன்று விடாமல் சொல்வாள். அவள் சொன்னால் ஆட்கள் அசையாமல் நின்று கேட்பார்கள். முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்ப பார்த்த மாதிரிதான், வர்றோம்மா" என்று வெளியிலிருந்தே திரும்பிப் போய்விடுவார்கள். வசூல் படுத்துவிட்டது. பழைய இயக்குநர் தலையில் அடித்துக்கொண்டு, "உனக்குப் பேசறதுதான் வேலைன்னா, போய்ப் பிள்ளைங்ககிட்ட பேசு" என்று கல்விப் பிரிவுக்குத் தள்ளிவிட்டார். தண்டனை என்று நினைத்துத்தான் கொடுத்தார், பாவம்.

நடுக்கூடத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி உண்டு. அதற்குள் கைமுட்டி அளவில் ஒரு முதுகெலும்புத் துண்டு. ஊருக்கு வெளியே கல்குவாரியை ஒட்டி ஒரு மண்குன்று இருக்கிறது. முன்னொரு காலத்தில் அங்கே கடல் இருந்ததாம். அந்தக் கடலில் நீந்திய பெரிய பல்லி ஒன்றின் எலும்பு அது. அதைக் கண்டெடுத்த எலும்பு ஆராய்ச்சியாளர் ஓய்வு பெற்றுப் போனார். அவர் பதவியைக் காலியாகவே விட்டுவிட்டார்கள். அவர் நாற்காலியைக் கணக்குப் பிரிவு தூக்கிக்கொண்டு போய்விட்டது. குன்று இருந்தது, தோண்ட ஆள் இல்லை. எலும்பக்கா போய்க் கேட்டாள்: "பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போய் நான் தோண்டறேனே?" யாருக்கும் வேண்டாத குன்று, யாருக்கும் வேண்டாத பிரிவு. தாராளமாகப் போகலாம் என்றார்கள்.

அப்படித்தான் ஞாயிற்றுக்கிழமைத் தோண்டல் ஆரம்பித்தது. பள்ளிக்கூட பஸ்ஸில் பிள்ளைகள் வந்து இறங்குவார்கள். கையில் கொத்தனார் பூசுகிற மாதிரி ஒரு சின்னக் கரணை, ஒரு பிரஷ், தலையில் தொப்பி. எலும்பக்கா குன்றின் அடியில் நின்று முதல் பாடம் நடத்துவாள்: "பிடுங்கக் கூடாது, சுரண்டணும். எது கிடைச்சாலும் கிடைச்ச இடத்துலயே விட்டுட்டு என்னைக் கூப்பிடணும். எடுத்த இடம் தெரியலேன்னா எலும்பும் ஒண்ணுதான், ரோட்டோரக் கல்லும் ஒண்ணுதான். புரிஞ்சுதா?" புரிந்தது என்று கத்திக்கொண்டே பிள்ளைகள் மேலே ஓடுவார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்கத்தான் அவள் உயிரோடு இருந்தாள் என்று சொன்னால் மிகையில்லை. சொந்தப் பிள்ளை இல்லை அவளுக்கு. அதைப் பற்றி அவளும் பேசமாட்டாள், நாமும் விட்டுவிடுவோம்.

ஆனால் குன்று ஒன்றும் தரவில்லை. காலையிலிருந்து வெயிலில் வதங்கித் தோண்டினால் சோடா மூடி கிடைக்கும், அறுந்த செருப்பு கிடைக்கும். கூட வந்த பெற்றோர் சும்மா இருப்பார்களா? "டைனோசர்னு சொல்லித்தானே கூட்டிட்டு வந்தீங்க, எங்க டைனோசர்?" என்று ஒருவர். "கடல் இருந்துச்சாம், கடல்! குடிக்கத் தண்ணியக் காணோம்" என்று இன்னொருவர். புகார்மேல் புகார்.

அந்தச் சமயத்தில்தான் புது இயக்குநர் வந்தார். சுற்றுலாத் துறையிலிருந்து மாறி வந்தவர். அருங்காட்சியகம் என்பது அறை இல்லாத ஹோட்டல் என்பது அவர் கருத்து. எலும்பக்காவைக் கூப்பிட்டு உட்காரச் சொல்லாமலே சொன்னார்: "இங்க பாருங்கம்மா, வர்ற எல்லாரும் சந்தோஷமா திரும்பிப் போகணும். எப்படின்னு நான் கேக்கமாட்டேன்."

எப்படி என்று கேட்கமாட்டேன் என்று ஓர் அதிகாரி சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று நாற்காலிக்கு முன்னால் நின்று வேலை பார்த்த எல்லாருக்கும் தெரியும். எலும்பக்கா வீட்டுக்கு வரும் வழியில் ஒரு மூட்டை பிளாஸ்டர் மாவு வாங்கிக்கொண்டு வந்தாள்.

சமையலறை தொழிற்சாலையானது. கண்ணாடிப் பெட்டியில் இருந்த முதுகெலும்பைப் பார்த்துக் களிமண்ணில் அச்சு செய்தாள். அதற்கும் மேல் எலும்புக்கு எங்கே போவது? கோழி வாங்கிச் சமைத்த அன்றைக்கெல்லாம் கால் எலும்பைக் கழுவி எடுத்து அச்சு பிடித்தாள். அதற்குக் குட்டி டைனோசர் என்று பெயர் வைத்தாள். வெள்ளை வெளேர் என்றிருந்த பிளாஸ்டரைக் கெட்டியான டீத் தண்ணீரில் ஊறப்போட்டால், அடேயப்பா, கோடி வருஷம் மண்ணுக்குள் கிடந்தது மாதிரி ஒரு நிறம்! அவளுக்கே பெருமை தாங்கவில்லை. அவள் புருஷன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர்; வீட்டிலும் அவருக்கு டிரைவர் என்றே பெயர். "ஏம்மா, எனக்குக் குடிக்க ஒரு டம்ளர் டீ கிடையாது, கோழிக்கால் டீயில குளிக்குது" என்று புலம்பிக்கொண்டே சனிக்கிழமைதோறும் கூடையைத் தூக்கிக்கொண்டு குன்றுக்கு வந்தார். அவள் அங்கங்கே புதைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பிள்ளை, "அக்கா, கிடைச்சிருச்சு!" என்று அலறியபோது அவளுக்கு உடம்பு சிலிர்த்தது.  அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தால் பொய் என்று சொல்ல எந்தப் பாவிக்கு மனசு வரும்? சொல்லவில்லை. அடுத்த வாரம் சொல்லலாம் என்று நினைத்தாள். அடுத்த வாரம் கூட்டம் இரண்டு மடங்கு. இயக்குநர் தன் கையெழுத்தோடு சான்றிதழ் அடித்துக் கொடுத்துவிட்டார்: இளம் ஆய்வாளர். எலும்பையும் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகலாம் என்றார். ஊரில் பாதி வீட்டு அலமாரிகளில் கோழிக்கால் ஏறிவிட்டது. இப்படியே வருஷங்கள் ஓடின.

ஒவ்வொரு வாரமும் புதைத்ததில் கொஞ்சம் பிள்ளைகள் கண்ணில் படாமல் மண்ணுக்குள்ளேயே தங்கிப்போனது. அதை யார் நினைத்துப் பார்த்தார்கள்?

குவாரிக்காரர் நினைக்க வைத்தார். குன்றைத் தனக்குக் கொடுத்தால் உடைத்து ஜல்லி போட்டு ஊருக்கே ரோடு போடலாம் என்று மேலே எழுதிவிட்டார். மேலே இருப்பவர்கள் ஒரு நிபுணரை அனுப்புவதாகச் சொன்னார்கள். குன்றில் உண்மையான எலும்பு இருந்தால் குன்று தப்பும். இல்லையென்றால் ஜல்லி. இயக்குநர் எலும்பக்காவை அவசரமாகக் கூப்பிட்டார்.

"ஞாயித்துக்கிழமை நிபுணர் வர்றாங்க. அதுக்குள்ள அந்த..." என்று இழுத்தார். பிளாஸ்டர் என்ற சொல் அவர் வாயில் வராது. "அந்தச் சந்தோஷத்தையெல்லாம் எடுத்துடுங்க."

"எங்க இருக்குன்னு எனக்கே தெரியாதே சார்."

"தோண்டறதுதானேம்மா உங்க வேலை?"

நிபுணர் தோண்டி ஒரு கோழிக்கால் எடுத்தால் போதும், குன்று முழுக்கப் பித்தலாட்டம் என்று எழுதிவிட்டுப் போவார். குன்று போனால் ஞாயிற்றுக்கிழமை போயிற்று. ஞாயிற்றுக்கிழமை போனால் தனக்கு என்ன மிச்சம் என்று எலும்பக்காவுக்கு யோசிக்கவே பயமாக இருந்தது.

சனிக்கிழமை விடிந்ததும் கிளம்பிவிட்டார்கள். டிரைவர் மண்வெட்டி எடுத்துக்கொண்டார். துணைக்கு நாத்தனாரையும் கூப்பிட்டிருந்தாள். டிரைவருக்குத் தங்கை, வீடு துடைக்க ஆரம்பித்தால் சுவரையும் சேர்த்துத் துடைக்கிற ரகம். எதற்கு என்று விவரம் சொல்லவில்லை. "குன்றைச் சுத்தம் பண்ணணும்" என்றதும் துடைப்பத்தோடு வந்து நின்றாள்.

உலகத்தில் எல்லாரும் நிஜ எலும்பைத் தேடித் தோண்டுவார்கள். இவர்கள் மூன்று பேரும் பொய் எலும்பைத் தேடிக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தோண்டினார்கள். டிரைவரும் நாத்தனாரும் எலும்பு மாதிரி இருந்ததையெல்லாம் பொறுக்கிக் கூடையில் போட்டுக்கொண்டு வந்து மரத்தடியில் கொட்டினார்கள். எலும்பக்கா அங்கே உட்கார்ந்து பிரித்தாள். பிரிக்கத்தான் முடியவில்லை. டீ நிறம் அவ்வளவு அருமையாக ஏறியிருந்தது. மண் வேறு அப்பியிருந்தது. நாக்கில் ஒட்டிப் பார்த்தாள். பழைய எலும்பு நாக்கில் ஒட்டிக்கொள்ளும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவள். பிளாஸ்டரும் சனியன் மாதிரி ஒட்டியது. கல்லும் ஒட்டுகிற மாதிரி இருந்தது. நாக்கு மரத்துப் போனதுதான் மிச்சம்.

"உடைச்சுப் பார்த்தா தெரிஞ்சுட்டுப் போகுது" என்றார் டிரைவர். "உள்ள வெள்ளையா இருந்தா உன்னோடது."

எலும்பக்கா சுத்தியலை எடுத்தாள். முதல் அடியில் வெள்ளை. இரண்டாவதும் வெள்ளை. நாத்தனார் கூடையோடு நின்று பார்த்துக்கொண்டே இருந்தவள் மெதுவாகக் கேட்டாள்.

"அண்ணி, இதெல்லாம் நீங்க செஞ்சு வச்சதா?"

"ம்."

"அப்ப என் பையன் கண்டுபிடிச்சானே, குட்டி டைனோசர் கால்? ஷோகேஸ்ல வச்சிருக்கோமே? வர்றவங்களுக்கெல்லாம் காட்டுறோமே?"

எலும்பக்கா சுத்தியலைப் பார்த்தாள்.

"அவன் அதை வச்சுத்தானே அண்ணி காலேஜ்ல மண்ணு, பாறைன்னு படிக்கப் போயிருக்கான்?"

"அவன் படிக்கறது நிஜப் படிப்புதானே?" என்று டிரைவர் குறுக்கே விழுந்தார்.

"நீ சும்மா இருண்ணே." நாத்தனார் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டாள். கோபத்தில் அவள் பெருக்கினால் எப்படிப் பெருக்குவாள் என்று குடும்பத்துக்குத் தெரியும். தோண்டிய குழி ஒன்று விடாமல் மூடி, மேடு பள்ளம் தட்டி, குன்றையே கூடம் மாதிரி ஆக்கிவிட்டாள்.

எலும்பக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்ததை எடுத்து ஓங்கி ஓர் அடி போட்டாள். இரண்டாகப் பிளந்தது. உள்ளே வெள்ளை இல்லை.

தேன் நிறத்தில், சின்னச் சின்னத் துளைகளாக, ரொட்டியைப் பிட்டுப் பார்த்த மாதிரி இருந்தது.  கண்ணாடிப் பெட்டியில் இருந்த துண்டைப் பல தடவை துடைத்திருக்கிறாள். அதன் உடைந்த பக்கம் இப்படியேதான் இருக்கும். இத்தனை வருஷம் பிள்ளைகளும் அவளும் வெயிலில் காய்ந்து தேடியது, கையளவுக்கு ஒன்று, நிஜமாகவே வந்திருக்கிறது. அதைச் சுத்தியலால் அடித்து உடைத்தவளும் அவளேதான்.

"என்னங்க! இது எங்க கிடந்துச்சு?"

டிரைவர் வந்து பார்த்தார். தலையைச் சொறிந்தார். "கூடையில கிடந்துச்சு."

"குன்றுல எங்கன்னு கேக்கறேன்!"

"அங்கதான்" என்று கையை ஒரு சுற்றுச் சுற்றினார். அந்தச் சுற்றுக்குள் குன்று, குவாரி, வந்த ரோடு எல்லாமே அடங்கியது. நாத்தனாரைக் கேட்டால் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். குழியைப் பார்க்கலாம் என்றால் குழியே இல்லை. குன்று பளபள என்று இருந்தது.

இயக்குநருக்குப் போன் போட்டாள்.  அவர், "உடைஞ்ச எலும்பைக் காட்டினா யார் உடைச்சதுன்னு கேப்பாங்க. நீங்க ஒண்ணும் எடுக்கல, நான் ஒண்ணும் கேக்கல. பத்திரமா வீட்டுல வச்சுக்குங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை நிபுணர் வந்தார். வயதான அம்மா. தடித்த கண்ணாடி, துணித்தொப்பி, அதிகம் பேசாத ஆள். இயக்குநர் டை கட்டிக்கொண்டு குன்றேறினார். நிபுணர் நாலு இடத்தில் தோண்டினார், சலித்தார், ஒன்றும் இல்லை. இருந்ததையெல்லாம்தான் பொறுக்கியாயிற்றே. அவர் நிமிர்ந்து குன்றைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இந்தக் குன்றை யாராவது பெருக்கினாங்களா?" என்று கேட்டார்.

"காத்து மேடம்" என்றார் இயக்குநர். "இங்க காத்து ரொம்ப ஒழுங்கா அடிக்கும்."

நிபுணர் மரத்தடிக்கு வந்தார். குனிந்து வெள்ளைத் தூளை விரலால் தொட்டார். "இது?"

"இயற்கையான சுண்ணாம்பு மேடம். இந்த மண்ணோட சிறப்பே அதுதான்."

நிபுணர் விரலைத் தட்டிக்கொண்டார். பையைக் கட்ட ஆரம்பித்தார். கீழே குவாரிக்காரரின் ஆள் வண்டிமேல் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தான். எலும்பக்காவின் கைப்பையில், கைக்குட்டைக்குள், அந்த இரண்டு துண்டும் கனத்தன. வாயைத் திறந்தால் வேலை போகும், பெயர் போகும், எலும்பக்கா என்று ஓடி வருகிற பிள்ளைகள் இனிமேல் பொய்யக்கா என்பார்கள். திறக்காவிட்டால் குன்று போகும்.  ஆனால் பிறந்ததிலிருந்து ஒரு தடவைகூட வாயை அடக்கிப் பழகாதவள் அன்றைக்கு மட்டும் எப்படி அடக்குவாள்?

"அது சுண்ணாம்பும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல மேடம். பிளாஸ்டர். என் சமையக்கட்டுல செஞ்சது."

ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. கோழிக்கால், டீ, சான்றிதழ், சுத்தியல், துடைப்பம் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். இயக்குநர், "இந்தம்மா பிள்ளைங்களுக்குக் கதை சொல்றவங்க மேடம், பழக்கதோஷம்" என்று பூசி மெழுகப் பார்த்தார். அவள் கைக்குட்டையைப் பிரித்து நிபுணர் கையில் வைத்தாள்.

நிபுணர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, துண்டுகளை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். துளைகளுக்குள் இறுகியிருந்த மண்ணை ஊசியால் நோண்டி, காலடி மண்ணோடு வைத்து ஒப்பிட்டார். இயக்குநரின் டை வியர்வையில் நனைந்தது.

"துடுப்பு எலும்பு" என்றார் கடைசியில். "அந்தக் கடல் பல்லியோடது, இந்தக் குன்றோடதுதான். எங்க எடுத்தீங்க?"

"தெரியல மேடம்." அதைச் சொல்லும்போதுதான் எலும்பக்காவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "ஒவ்வொரு பிள்ளைக்கும் அதைத்தான் முதல் பாடமா சொல்லிக் கொடுத்தேன். எனக்கே தெரியல."

நிபுணர் துண்டுகளைக் கைக்குட்டைக்குள் திரும்ப வைத்தார். "தெரிஞ்சிருந்தா அந்த இடத்தை மட்டும் வேலி போட்டுட்டு மீதியை அவங்களுக்குக் கொடுத்திருப்பேன்" என்று குவாரிப் பக்கம் கையைக் காட்டினார். "தெரியாததால முழுக் குன்றையும் தேடித்தான் ஆகணும். ஒரு பிடி மண்ணுகூட இங்கருந்து போகக் கூடாது."

குன்று தப்பியது. செய்தித்தாளில் படம் வந்தது: குன்றைக் காத்த இயக்குநர், கையில் துடுப்பு எலும்போடு. உடைந்த இடம் தெரியாத மாதிரி ஒட்டியிருந்தார்கள், பிளாஸ்டர் வைத்துத்தான். போலி எலும்பு புதைத்த ஊழியர்மேல் நடவடிக்கை என்று அதே செய்தியின் அடியில் இருந்தது. கல்விப் பிரிவைக் கலைத்துவிட்டு அந்த அறையில் பக்கெட்டும் பினாயிலும் அடுக்கினார்கள். எலும்பக்காவை நீண்ட விடுப்பில் போகச் சொன்னார்கள். நாத்தனார் மட்டும் ஒரு நாள் வந்து, "பையன்கிட்ட சொல்லிட்டேன் அண்ணி. அவன் காலேஜ் மூணாவது வருஷத்துலயே கண்டுபிடிச்சுட்டானாம். உங்க மனசு கஷ்டப்படும்னு சொல்லலையாம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். எலும்பக்கா அன்றைக்கெல்லாம் சாப்பிடவில்லை.

குன்றைச் சுற்றி வேலி வந்தது. வெளியூரிலிருந்து ஆராய்ச்சிக் குழு வந்தது. ஆழமாகத் தோண்டியதில் எலும்புமேல் எலும்பாகக் கிடைத்ததாம். பொதுமக்களுக்கு அனுமதி இல்லை என்று பலகை மாட்டினார்கள். வருகிற ஞாயிற்றுக்கு ஏற்கெனவே பதிவு செய்த பள்ளிக்கூடத்துக்குத் தகவல் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. சொல்லவேண்டிய பிரிவைத்தான் கலைத்துவிட்டார்களே. எலும்பக்கா டிரைவரைக் கிளப்பிக்கொண்டு தானே போய் வேலி ஓரம் நின்றாள்.

பஸ் வந்தது. பிள்ளைகள் கரணையோடு குதித்து இறங்கி வேலியைப் பார்த்து நின்றார்கள். உள்ளே குழு ஆட்கள் முட்டி போட்டுக் குனிந்து, ஒரு நீளமான எலும்பைப் பிரஷ்ஷால் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைச் சுற்றி எந்தச் சத்தமும் இல்லை. அவள் பிள்ளைகளிடம் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். போன வருஷம் வந்துபோன ஒரு சின்னப் பெண் முன்னால் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, அப்ப நான் எடுத்தது பொய்யா?"

"பொய்தான் கண்ணு."

"அங்க இருக்கறது?"

"அது நிஜம்."

"எப்படித் தெரியும்?"

எலும்பக்கா வேலியில் தொங்கிய பலகையைக் காட்டினாள். "நம்மளை உள்ள விடமாட்டேங்கறாங்க பாரு" என்றாள். "அப்ப நிஜமாத்தான் இருக்கணும்."

அந்தப் பெண் கம்பிக்குள் மூக்கை நுழைத்து ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு கரணையைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "பொய்யா இருந்தப்பவே நல்லா இருந்துச்சுக்கா" என்று சொல்லிவிட்டு பஸ்ஸைப் பார்த்து நடந்தாள்.

அப்படிச் சொல்லக் கூடாது என்று அவளைக் கூப்பிட்டுத் திட்ட எலும்பக்கா வாயைத் திறந்தாள். ஒரு சொல்லும் வரவில்லை.